ஒன்பதாவது புள்ளி

பிரியாணிக்குப் பிறகு வைவா வைத்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது பேராசிரியை தங்கபுஷ்பம் தன் வாழ்நாளில் கண்டுபிடித்த உண்மைகளில் ஒன்று, இதுவரை யாரும் அதைப் பொய்யாக்கியதில்லை. மணி இரண்டே முக்கால். கணிதத் துறையின் கருத்தரங்கக் கூடத்தில் முதல் வரிசையில் துறைத்தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார், அவர் எதையும் அப்படித்தான் கேட்பார். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு யாரோ பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள், அதில் நிமிஷத்துக்கு ஏழு சொட்டு விழுந்தது, அவள் எண்ணிவிட்டாள். மேடையில் ரஹ்மத் நிஷா நின்றிருந்தாள். ஏழு வருஷம் தங்கபுஷ்பத்திடம் ஆராய்ச்சி செய்தவள், இன்றைக்கு எல்லார் முன்னாலும் ஆய்வேட்டை விளக்கிவிட்டால் டாக்டர் ரஹ்மத் நிஷா. இளநீலப் புடவை, அதே நிறத்தில் தலைத்துணி, கையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற குச்சி. அந்தச் சிவப்புப் பொட்டு திரையில் நடுங்கிக்கொண்டே இருந்தது. பயப்படாதே என்று காலையில் சொல்லியாகிவிட்டது, எதற்குப் பயப்படாதே என்று சொல்லவில்லை. இது இரண்டாம் அத்தியாயம். மூன்றாவதற்கு இன்னும் பதினான்கு ஸ்லைடு. நிமிஷத்துக்கு ஒன்று என்றால் பதினான்கு நிமிஷம், தொண்ணூற்றெட்டு சொட்டு. தங்கபுஷ்பம் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தாள், குடிக்கவில்லை, மூடினாள். பக்கத்தில் வெளித் தேர்வாளர் கோதண்டபாணி ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஐந்தேகாலுக்கு ரயில். மனுஷன் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தார். எதற்கு ஒட்டினார், படித்ததற்கு ஒட்டினாரா, படிக்காமல் விட்டதற்கு ஒட்டினாரா, மற்ற அத்தியாயங்களில் ஏன் ஒட்டவில்லை. பார்க்கக்கூடாது என்று நினைத்த பிறகு அந்த மஞ்சளைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

விஷயம் அவ்வளவு பெரியதும் இல்லை. கேட்டால் சிரிப்பார்கள், இதற்குப்போய் ஒருத்தி மூன்று வாரமாகத் தூங்காமல் இருப்பாளா என்பார்கள். சில வீடுகள், அவற்றை இணைக்கும் தெருக்கள், சுற்றி வருகிற தெரு மட்டும் கிடையாது. சில வீடுகளில் காவலாளி உண்டு. காவலாளி இல்லாத ஒவ்வொரு வீட்டோடும் நேராக இணைந்த வீடுகளில் சரியாக ஒரே ஒரு காவலாளி இருக்கவேண்டும். இல்லாமலும் போகக்கூடாது, இரண்டு பேரும் ஆகாது, இரண்டு பேர் இருந்தால் அவன் பார்ப்பான் என்று இவனும் இவன் பார்ப்பான் என்று அவனும் இருந்துவிடுவார்கள் என்று வகுப்பில் சொல்வாள், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆகக்குறைந்தது எத்தனை காவலாளி வேண்டும், அதுதான் கேள்வி. வீட்டைப் புள்ளி என்றும் தெருவைக் கோடு என்றும் மொத்தத்தையும் மரம் என்றும் சொல்லிவிட்டால் அது கணிதம். ஏதாவது ஒரு வீட்டில் புதிதாக ஒரே ஒரு முட்டுச்சந்து வீடு ஒட்டிக்கொண்டால், காவலாளி எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் அதிகமாகாது. இதைத்தான் இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் தங்கபுஷ்பம் தன் ஆய்வேட்டில் எழுதினாள், பிறகு கட்டுரையாகப் போட்டாள். நிரூபணம் இரண்டே வரி. புது வீடு ஒட்டிக்கொண்ட இடத்தில் ஒரு காவலாளியை நிறுத்து, மற்றது எளிதில் காணலாம். எளிதில் காணலாம். அதை எடுத்தாண்டவர்கள் பதினொரு பேர், அந்தப் பதினொரு பேரை எடுத்தாண்டவர்கள் வேறு. புஷ்பம் லெம்மா, தமிழில் புஷ்பம் துணைத்தேற்றம், என்று பெயரே வைத்துவிட்டார்கள். மாநாடுகளில் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொள்வாள், அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். மூன்று வாரத்துக்கு முன் செக் நாட்டிலிருந்து ஒரு மாணவன் எழுதியிருந்தான், மிகவும் மரியாதையாக. நான்தான் எங்கோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் போலிருக்கிறது, இந்த மரத்துக்கு எனக்கு இரண்டும், ஒரு வீடு கூட்டினால் நான்கும் வருகிறதே என்று. ஒன்பது புள்ளி. முதலில் எட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வீடு, ஒவ்வொன்றிலும் இரண்டு முட்டுச்சந்து வீடுகள், நடுவில் வரிசையாக இரண்டு வீடு, நாலு காலை விரித்துக் கிடக்கிற பூச்சி மாதிரி. எட்டுப் புள்ளிக்கு இரண்டு காவலாளி போதும், பக்கத்துக்கு ஒருவர். நடு வீட்டில் ஒன்றில் ஒன்பதாவதை ஒட்டினால் அந்த நடு வீட்டுக்கு ஒரு காவலாளி வேண்டும், அவன் வந்து நின்றதும் அடுத்த நடு வீட்டுக்கு இருபக்கமும் இரண்டு பேர் ஆகிவிடும், ஆகவே அங்கேயும் ஒருவன். நான்கு. அவள் நின்றபடியே ஒரு தடவை போட்டாள், உட்கார்ந்து ஒரு தடவை போட்டாள், கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் போட்டாள். நான்கு, நான்கு, நான்கு. பிறகு அந்த மின்னஞ்சலைப் படிக்காதது என்று குறித்து வைத்தாள். ஐம்பத்தாறு வயதுப் பேராசிரியை, படித்ததைப் படிக்காதது என்று குறிக்கிறாள். மறுநாள் திறந்தபோது அது தடித்த எழுத்தில் புதிதாக வந்ததுபோல் முதலிலேயே நின்றது. மறுபடி படித்தாள், மறுபடி படிக்காதது என்று குறித்தாள். இருபத்தொரு நாளாக அவளுக்குத் தினம் ஒரு புதுக் கடிதம்.

தப்பு யாருக்கும் வரும், அதற்காக ஒருத்தி வெட்கப்பட வேண்டியதில்லை, கணிதத்தில் தப்பு விடாதவன் கணிதமே செய்யாதவன் என்று எத்தனை பிள்ளைகளைத் தேற்றியிருக்கிறாள். தப்பாக மட்டும் இருந்திருந்தால் அவள் அன்றைக்கே பதில் எழுதியிருப்பாள். தப்பு மட்டும் இல்லையே அது, ஒரு ஜாக்கெட்டுக்காகப் பாதியில் விட்டது அல்லவா. முடிந்த விடைத்தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொரு மரமாக வரைந்து சரிபார்த்துக்கொண்டிருந்தாள் அந்தக் காலத்தில், கம்ப்யூட்டர் துறைக்கு ஒன்று, அதுவும் பூட்டிக் கிடக்கும். ஏழு புள்ளிக்குப் பதினொரு மரம், எட்டுக்கு இருபத்து மூன்று, ஒன்பதுக்கு நாற்பத்தேழு. எட்டு வரை சுத்தமாக முடித்தாள். ஒன்பதில் முப்பத்தொன்று வரைந்தாள், எல்லாம் சரியாக வந்தது, சரியாகவே வந்துகொண்டிருந்தால் மனசு கழன்றுவிடும். மணி ஏழரை. எட்டு மணிக்கு டெய்லர் கடையைப் பூட்டிவிடுவான், மறுநாள் அத்தை மகள் கல்யாணம், அரக்குப் பட்டுக்கு ஜாக்கெட் அவனிடம் கிடந்தது. வந்து மீதியைப் பார்க்கலாம் என்று பேனாவைத் தாளின் மேல் குறுக்கே வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பேனா குறுக்கே கிடந்த விதம் இப்போதும் தெரிகிறது, மூடி போடாமல். ஜாக்கெட் கை இறுக்கமாக வந்து டெய்லரிடம் வாய்ச்சண்டை போட்டு, கல்யாணம், பந்தி, இரண்டு நாள், திரும்பி வந்தபோது விடைத்தாள்களை யாரோ அடுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டை அவிழ்த்தால் போதும். அவிழ்க்கவில்லை. திங்கட்கிழமை அவளுடைய வழிகாட்டி சார் கேட்டார், ஒன்பது வரைக்கும் எல்லாம் பாத்தாச்சா என்று. பாத்தாச்சு சார் என்றாள். அந்த ஒரு சொல்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சரி அப்ப எழுதிருமா என்றார், நம்பிவிட்டார், நம்பாமலிருக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. முப்பத்திரண்டுக்கும் நாற்பத்தேழுக்கும் நடுவில் எங்கோ அந்தப் பூச்சி அன்றைக்கே காலை விரித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள். அந்த ஜாக்கெட்டை அப்புறம் அவள் ஒரு தடவைகூடப் போடவில்லை, கை இறுக்கம் என்று எல்லாரிடமும் சொன்னாள்.

ஸ்லைடு மாறியது. இன்னும் ஒன்பது. இரண்டாம் வரிசையில் ஆராய்ச்சி மாணவர்கள் மூன்று பேர் மடியில் துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்கள். சீட்டை எழுதிக் கொடுத்ததே தங்கபுஷ்பம்தான், கேள்வியே வராத வைவா பார்க்க நன்றாக இருக்காது என்று எல்லாத் துறையிலும் செய்கிற ஏற்பாடு. உங்கள் ஆய்வின் பயன்பாடு என்ன. எதிர்காலத்தில் என்ன செய்ய உத்தேசம். இந்தத் தலைப்பை ஏன் எடுத்தீர்கள். பதில்களும் அவள் கொடுத்ததுதான். எவ்வளவு நிதானமாக எழுதினாள் அந்தச் சீட்டுகளை, ஒவ்வொன்றும் மூன்றாம் அத்தியாயத்தை விட்டு எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்று அளந்து அளந்து. காவலாளி நிறுத்துகிற வேலையில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. சொல்லியிருக்கலாம். தேதி குறித்தபோது சொல்லியிருக்கலாம், அழைப்பிதழ் அச்சானபோது சொல்லியிருக்கலாம், நேற்று மாலை ரஹ்மத் வந்து மேடம் ஸ்லைடு ஒருதடவை பாத்துருங்க என்றபோது அறைக்கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும். மூன்றாம் அத்தியாயம் விழும், அதன் மேல் நிற்கிற நான்காவதில் பாதி விழும், ஆய்வேடு திரும்பப் போகும், ஒரு வருஷம். ரஹ்மத் வேலை பார்க்கிற தனியார் கல்லூரியில் ஜூனுக்குள் பட்டம் இல்லாதவர்கள் வரவேண்டாம் என்று கையெழுத்தே வாங்கிவிட்டார்கள். ஆகவே அவளுக்காகத்தான் சொல்லவில்லை. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் தங்கபுஷ்பத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், அவளுக்காகத்தான், பாவம் அந்தப் பெண், தினம் நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வந்து, ராத்திரிச் சமையல் முடித்து எழுதியவள். ஆறுதல் ஒரு நிமிஷம்தான் நிற்கும். அவளுக்காக என்றால் ஏன் அவளிடமே சொல்லவில்லை. இது என் தப்பு, நீ என்ன செய்யலாம் என்கிறாய் என்று அவளைக் கேட்டிருக்கலாமே. அப்படிக் கேட்டால் அவள் முகம் எப்படிப் போகும் என்பதைத்தான் தங்கபுஷ்பத்தால் பார்க்க முடியவில்லை. முதல் நாள் வந்தபோது ரஹ்மத் சொன்னாள், மேடம் நான் எம்எஸ்ஸியிலேயே உங்க லெம்மாவைப் படிச்சுட்டுத்தான் உங்ககிட்ட வரணும்னு முடிவு பண்ணேன் என்று. அந்த இறுக்கமான ஜாக்கெட்டைப் படித்துவிட்டு வந்தவள். காது சூடாவது தெரிந்தது. வெட்கம் இந்த வயதிலும் காதில்தான் ஏறுகிறது.

மூன்றாம் அத்தியாயம் வந்துவிட்டது. திரையில் அவள் பெயர், பெரிய எழுத்தில், பக்கத்தில் வருஷம். ரஹ்மத் அதை வேகமாகத்தான் படித்தாள், சிவப்புப் பொட்டு பெயரின் மேல் நிற்காமல் தாண்டியது. தாண்டிவிட்டது, அடுத்த ஸ்லைடு, அப்பாடா என்று தங்கபுஷ்பம் மூச்சை விடுகையில் கோதண்டபாணி மஞ்சள் சீட்டில் விரலை வைத்தார். ஒரு நிமிஷம்மா என்றார். குரலில் சந்தேகம் எதுவும் இல்லை, நல்ல சாப்பாடு சாப்பிட்ட மனிதனின் குரல். இங்கே இருக்கிற பிள்ளைகளுக்கும் புரியணுமில்லையா, ஸ்லைடு வேண்டாம், போர்டில் ஒரு சின்ன மரம் போட்டு உங்க மேடத்தோட லெம்மாவைக் காட்டுங்களேன் என்றார், தங்கபுஷ்பத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். மரியாதை செய்கிறாராம். அவளும் சிரித்தாள், சிரித்த வாய் மூட வரவில்லை. எந்த மரத்தையும் போடலாம், லட்சம் மரம் இருக்கிறது, நேர்கோடாக நாலு புள்ளி போட்டால் தீர்ந்தது, நாலு புள்ளி போடு ரஹ்மத், நாலே நாலு. ரஹ்மத் சாக்பீஸை எடுத்தாள். நடுவில் இரண்டு புள்ளி வைத்தாள், கோடு இழுத்தாள். அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. பிறகு கால்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று. பூச்சி. தங்கபுஷ்பம் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பரவாயில்லை, எட்டுதானே, ஒன்பதாவதை ஓரத்தில் ஒட்டு, ஓரத்தில் ஒட்டினால் ஒன்றும் ஆகாது, தாயே ஓரத்தில். ரஹ்மத்தின் கை நேராக நடுப் புள்ளிக்கு வந்து அங்கிருந்து கீழே ஒரு கோடு இழுத்து ஒன்பதாவது புள்ளியை வைத்தது. வைத்ததும் நின்றது. சாக்பீஸ் போர்டின் மேலேயே இருந்தது. வாளியில் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. பிறகு ரஹ்மத், சாரி சார், தப்பா வரைஞ்சுட்டேன் என்று சொல்லி உள்ளங்கையால் அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டு, அதே புள்ளியைக் கோடியில் இருந்த வீட்டில் மூன்றாவது முட்டுச்சந்தாக ஒட்டினாள். இப்ப பாருங்க சார், ரெண்டு, ரெண்டேதான், ஒண்ணுகூட அதிகமாகல. கோதண்டபாணி அழகு என்றார். தங்கபுஷ்பத்தின் வாயிலிருந்து, குட், கன்டின்யூ என்று வந்தது. இருபத்து மூன்று வருஷப் பழக்கம், அதுவாகவே வந்தது.

அவள் எண்ணவில்லையே என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. ரஹ்மத் எண்ணவே இல்லை. போர்டில் ஒரு புதுத் தப்பைப் பார்க்கிறவள் திகைப்பாள், விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு எண்ணுவாள், உதடு அசையும், ஏழு வருஷமாக ரஹ்மத்துக்கு உதடு அசையாமல் எண்ண வராது. இன்றைக்கு உதடு அசையவில்லை. நின்றாள், அழித்தாள். அந்தப் பூச்சியை அவள் இன்றைக்குத்தான் முதலில் வரைகிறாள் என்று யார் சொன்னது. கை நேராக நடுவுக்குப் போயிற்றே, பல தடவை போய்ப் பழகிய கை அல்லவா அது. தெரியும். இவளுக்குத் தெரியும். எப்போதிலிருந்து. கடந்த சில மாதங்களாக ரஹ்மத் அறைக்கு வரும்போதெல்லாம் எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு, ஒண்ணுமில்ல மேடம் என்று போவாள், வீட்டில் ஏதோ பிரச்சினை போலிருக்கிறது என்று தங்கபுஷ்பம் நினைத்தாள், கேட்கவில்லை. முதலில் கொஞ்சம் கோபம்தான் வந்தது அவளுக்கு, தெரிந்துமா மேடையேறினாய் என்று. கோபம் எழுந்து பாதி வழியில் காலில்லாமல் விழுந்தது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பதை இவள் எங்கே படித்தாள். உள்ளங்கையால் அழித்தாளே, சாரி தப்பா வரைஞ்சுட்டேன் என்றாளே, எவ்வளவு சரளமாக, எவ்வளவு மரியாதையாக. பாத்தாச்சு சார் என்று சொன்ன அதே குரல். தன் ஆய்வுக்காக அழிக்கவில்லை அவள், என்னுடைய தப்பை அழித்தாள், என் மானம் போய்விடக்கூடாது என்று தன் கையை அழுக்காக்கிக்கொண்டாள். ரஹ்மத்தின் வலது உள்ளங்கை வெள்ளையாக இருந்தது. அதைப் புடவையில் துடைக்காமல் விரலை விரித்தபடி தள்ளியே வைத்துக்கொண்டு மீதி ஸ்லைடுகளை இடது கையால் நகர்த்தினாள். 

மூன்று சீட்டும் கேட்டு முடித்தார்கள், மூன்று பதிலும் வந்தது. பொன்னாடை பிரித்து மடியில் வைத்தாகிவிட்டது. பின்வரிசையில் ரஹ்மத்தின் கணவர் செல்போனை உயர்த்திப் பிடித்து எழுந்து நின்றார். இனி வழிகாட்டிதான் எழுந்து, தேர்வுக் குழு இவருக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறது என்று வாசிக்கவேண்டும், எல்லாரும் கைதட்டுவார்கள், துறைத்தலைவர் கண்ணைத் திறப்பார். தாள் கையில் இருந்தது, கோதண்டபாணி கையெழுத்துப் போட்டுவிட்டார், அவளுடைய இடம் மட்டும் காலி. எழுந்தாள். மைக் இருக்கிற பக்கம் போகவேண்டியவள் போர்டு பக்கம் போனாள். ஏன் போகிறாய், இப்போது சொன்னால் யாருக்கு என்ன லாபம், உனக்கு மனசு லேசாகும், வேலை போகப்போவது அவளுக்கு, இதிலும் உன் சௌகரியம்தானா என்று மனசு ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே வந்தது. ஆனால் இப்போது வாசித்துவிட்டால் இந்தப் பெண் வாழ்நாள் முழுக்க அந்தக் கையைத் தள்ளியே வைத்துக்கொண்டு நடப்பாள், இது தெரியும், இதை வேறு யாரைவிடவும் தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். போர்டில் அழித்த கோடு சரியாக அழியவில்லை, கைரேகையோடு மங்கலாகக் கீழே இறங்கியது. அவள் கோடி வீட்டின் மூன்றாவது முட்டுச்சந்தை அழித்துவிட்டு, சாக்பீஸை எடுத்து அந்த மங்கல் கோட்டின் மேலேயே மறுபடி கோடு இழுத்து, முடிவில் புள்ளியை வைத்தாள். இருபத்து மூன்று வருஷம் தாமதமாக, நாற்பத்தேழில் ஒன்று.

"ரஹ்மத் முதல்ல வரைஞ்சதுதான் சரி," என்றாள். மைக் இல்லாததால் குரல் சின்னதாக இருந்தது. "இதுக்கு நாலு வேணும். லெம்மா தப்பு. அப்பவே நான் முழுசா பாக்கல, பாத்ததா சொல்லிட்டேன்."

கோதண்டபாணி மஞ்சள் சீட்டு ஒட்டிய பக்கத்தைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். கணவர் செல்போனைத் தாழ்த்தினார், ஏதோ கரண்ட் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தவர்போல விளக்குகளைப் பார்த்தார். ரஹ்மத்தை அவள் பார்க்கவேண்டியிருந்தது, மூன்று வாரமாக எந்த முகத்துக்குப் பயந்தாளோ அந்த முகத்தை. அதில் அதிர்ச்சி இல்லை, அழுகை இல்லை. ரஹ்மத் மேஜையிலிருந்த தன் ஃபைலை இழுத்து, கடைசி உறையிலிருந்து ஒரு தாளை உருவி அவள் கையில் கொடுத்தாள். மடித்து மடித்து மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த தாள். அதே பூச்சி, ஒன்பது புள்ளி, மூலையில் நவம்பர் பதினொன்று என்று தேதி, கீழே எந்த இடத்தில் ஒட்டினால் மட்டும் லெம்மா நிற்கும் என்று பென்சிலில் நாலு வரி, நாலும் சரி.

"ஆய்வேடு கொடுத்து ரெண்டு வாரத்துல கண்டுபிடிச்சேன்," என்றாள் ரஹ்மத், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "ஒவ்வொரு தடவை வர்றப்பவும் எடுத்துட்டுத்தான் வந்தேன். நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு நெனச்சுட்டேன், மேடம்."

குற்றம் சாட்டுகிற தொனி அதில் கொஞ்சமும் இல்லை. இன்றைக்கு மழை வராது என்று நினைத்துக் குடை எடுக்காமல் வந்தவள் சொல்கிற மாதிரி சொன்னாள். தங்கபுஷ்பம் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் விரலிலிருந்த சாக்பீஸ் தூள் அந்தத் தாளில் ஒட்டிக்கொண்டது.